பெரிய ள

கொஞ்சம் நகந்து உக்காருங்க தம்பி. ஜன்னலோரம் நீங்களே வெச்சுக்கங்க, எனக்கு இந்தப் பக்கம்தான் வசதி. முட்டியை நீட்டிக்கலாம். அயனாவரம் வரைக்கும்தானே? தெரியும். நானும் அங்கதான்.

மணி என்ன? மூணே முக்காலா. அஞ்சு மணிக்குள்ள போய்ச் சேந்துடும்ல? சேரணும். இன்னிக்கு எப்படியாவது சேரணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் எங்க தெருக் குடியிருப்போர் சங்கத்துக் கூட்டம். இன்னிக்கு விட்டா அப்புறம் தை மாசம்தான். அதுவரைக்கும் எனக்குப் பொறுமை இல்லை. இந்த டிரைவர் என்னன்னா மாட்டு வண்டி ஓட்டற மாதிரி ஓட்டறாரு.

அங்க பாருங்க, அந்த சீட்டுக்கு மேல. 'மகலிர்'னு எழுதியிருக்கான். சின்ன ல போட்டிருக்கான் பாருங்க. பெரிய ள வரணும். எத்தனை பேர் தினமும் பாக்கறாங்க, ஒருத்தருக்கும் உறுத்தல. எனக்கு உறுத்தும். முப்பத்தோரு வருஷம் அச்சாபீஸ்ல ப்ரூப் பாத்தவன். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடக் கேள்வித்தாள், கோயில் நோட்டீஸ், எது வந்தாலும் ஏகாம்பரம் பாத்துட்டானா, அப்ப மெஷின்ல ஏத்துன்னு சொல்வாங்க. ஈய எழுத்துக் கோக்கற காலத்துலேர்ந்து இருந்தேன். எழுத்தைத் தலைகீழா வெச்சாலும் படிப்பேன். பெருமைக்குச் சொல்லல, பழக்கம்.

முருகப்ப மேஸ்திரி தெரு தெரியுமா உங்களுக்கு? தெரியும். உங்களுக்குத் தெரியாம இருக்காது. அங்க பதினாலாம் நம்பர்ல இருபத்தேழு வருஷம் குடியிருந்தேன். பின்கட்டு. வாடகைக்குத்தான், ஆனா தெருவுல என்னைக் கேக்காம ஒண்ணும் நடக்காது. இன்னிக்கு அந்தத் தெரு இப்படிப் பளபளன்னு இருக்குதுன்னா, அந்த நடைபாதைக் கல்லு, அந்த விளக்குக் கம்பம், அந்தப் பார்க்கு, எல்லாம் இந்தக் கையி எழுதினது. நான் கல்லு சுமக்கல. மனு எழுதினேன். நூத்துப் பதினோரு மனு. நகல் எல்லாம் வீட்ல இருக்குது.

பார்க்கு இருக்குதே, அது முன்னாடி என்னவா இருந்துச்சு தெரியுமா? ஒடைஞ்ச தண்ணித் தொட்டியும் முள்ளுச் செடியுமா இருந்துச்சு. பாதி ஊரு குப்பை அங்கதான். என் சம்சாரம் விமலா ஜன்னலையே தொறக்க மாட்டா. நான் ஒத்தக் கால்ல நின்னேன். கார்ப்பரேஷன் ஆபீஸுல மேஜைக்கு மேஜை அலைஞ்சேன். கடைசியில சுத்துச் சுவர் வந்துச்சு, நடைபாதை வந்துச்சு, கருங்கல் பெஞ்சு பன்னெண்டு வந்துச்சு. பராமரிப்பை எங்க சங்கத்துக்கிட்டயே குடுத்துட்டாங்க. நான்தான் செயலாளர். காலைல போய் கேட்டைத் தொறந்தா, 'செகரட்டரி வந்தாச்சு'ன்னு நாலு பேர் எந்திரிச்சு நிப்பாங்க. அப்படி இருந்தேன் தம்பி நான்.

பார்க்கு வந்ததும் ஒரு தொந்தரவும் வந்துச்சு. அப்ப பஸ் ஸ்டாப்பு பார்க்கு வாசல்லயே இருந்துச்சு. பஸ்ஸுக்கு நிக்கறவங்க உள்ள வந்து உக்காந்தாங்க. ஆட்டோக்காரங்க மதியத்துல பெஞ்சுல காலை நீட்டித் தூங்கினாங்க. வாசல்ல தனபாக்கியம்னு ஒரு அம்மா இட்லி போட்டுக்கிட்டு இருந்துச்சு. கால்வா ஓரத்துக் குடிசை. இருபத்தி ரெண்டு வருஷமா அதே இடம். இட்லி வாங்கினவங்க உள்ள வந்து தின்னுட்டு இலையைப் போட்டுட்டுப் போனாங்க. சங்கத்துல கூட்டம் போட்டோம். தலைவர் ஒரு மனு எழுதிட்டு வந்தாரு. 'சமூக விரோதிகள் பூங்காவில் நுழைவதைத் தடுக்குமாறு'ன்னு ஆரம்பிச்சிருந்தாரு.

எனக்கு மனசு ஒப்பல. சமூக விரோதின்னா என்னாங்க? தனபாக்கியம் சமூக விரோதியா? நானே தினம் அது கையால நாலு இட்லி தின்னவன். விமலாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப அதுதான் கஞ்சி காச்சிக் குடுத்துச்சு. அப்படி எழுதறது பாவம். தாளை வாங்கினேன், அந்த ரெண்டு வார்த்தையை அடிச்சுச் சுழிச்சு விட்டேன். மேல சிவப்புல எழுதினேன், 'வெளியாட்கள்'. பாத்தீங்களா? யாரையும் திட்டல, யாருக்கும் நோகாது. நல்ல வார்த்தை. தலைவர் படிச்சுட்டு, 'ஏகாம்பரம், நீர்தான்யா ஆளு'ன்னாரு.

மனு பலிச்சுது. பஸ் ஸ்டாப்பைத் தூக்கி அந்தப் பக்கம் மெயின் ரோட்டுல போட்டாங்க. பெஞ்சுக்கு நடுவுல ரெண்டு ரெண்டு இரும்புக் கம்பி வெச்சாங்க, உக்காரலாம், படுக்க முடியாது. அது என் யோசனைதான். நடைபாதையில தள்ளுவண்டி ஏறக் கூடாதுன்னு குட்டைத் தூண் நட்டாங்க. அதோட தனபாக்கியமும் போச்சு. அதை யாரும் அடிச்சு வெரட்டலைங்க. வண்டி ஏறல, அதனால போயிடுச்சு. அப்புறம் ரெண்டே மாசத்துல கால்வா ஓரத்துக் குடிசையையும் எடுத்து, எல்லாரையும் லாரியில ஏத்தி ஊருக்கு வெளியே அடுக்கு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை.

வாசல்ல போர்டு எழுதினப்ப பெயிண்டர் 'வெளியாள்களுக்கு அனுமதி இல்லை'ன்னு எழுதிட்டான். சும்மா விடுவேனா? உச்சி வெயில்ல பக்கத்துலயே நின்னேன். ஏம்பா, ள் பக்கத்துல க வந்தா ள் வந்து ட் ஆயிடும், 'வெளியாட்களுக்கு'ன்னு மாத்துன்னேன். மொறைச்சுக்கிட்டே மாத்தினான். இன்னிக்கும் அந்தத் தெருவுலயே பிழை இல்லாத போர்டு அது ஒண்ணுதான்.

வாசலுக்கு ஒரு செக்யூரிட்டியையும் போட்டோம். சுசாந்த்னு பேரு, ஒரிசாக்காரன். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நான்தான் சொல்லிக் குடுத்தேன். வெளியாள், சொல்லு, வெளியாள். ஒரு வாரம் சொல்லிக் குடுத்தேன். அவனுக்கு அந்த ள் வரவே வரல. 'வெளியால், வெளியால்'ம்பான். சரி, அர்த்தம் புரிஞ்சா போதும்னு விட்டுட்டேன். அங்கதான் தப்புப் பண்ணிட்டேன் தம்பி. அவனுக்கு அர்த்தமே புரியல.

சொல்றேன், இருங்க. பூந்தமல்லி தாண்டிட்டோமா? இன்னும் இல்லையா. சிக்னல்ல நிக்கறதே பொழப்பாப் போச்சு.

தெரு நல்லா ஆனதும் புதுப் புது ஆளுங்க வந்தாங்க. கார் வந்துச்சு. காப்பிக் கடை ஒண்ணு வந்துச்சு, உள்ள போனா காப்பியைத் தவிர எல்லாம் இருக்குது. ஒரு நாள் எங்க ஓனர் வந்தாரு. தங்கமான மனுஷன். இருபத்தேழு வருஷத்துல ஒரு தடவை குரல் ஒசத்தினதில்லை. அவரு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரு, 'ஏகாம்பரம், இந்தத் தெரு இந்த நெலமைக்கு வந்ததே உங்களாலதான்.' எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. யாருங்க இப்படி வாய் விட்டுச் சொல்றாங்க? அப்புறம், எடத்தை பில்டருக்குக் குடுத்துட்டேன், மூணு மாசத்துல காலி பண்ணிடுங்கன்னாரு. அதுவும் சரிதானே, அவரு எடம். அதே தெருவுல வேற வீடு பாத்தேன். முடியல. பக்கத்துத் தெருவுல பாத்தேன், அதுவும் முடியல. அப்படியே தள்ளித் தள்ளி வந்து திருமழிசைக்கு அந்தப் பக்கம் நின்னேன். மூணாவது மாடி, லிப்ட்டு கிடையாது.

முதல் நாள் காலைல பால் வாங்கக் கீழ எறங்கறேன். பஸ் ஸ்டாப்புல தார்ப்பாயைக் கட்டிக்கிட்டு இட்லி ஊத்திக்கிட்டு இருக்குது, தனபாக்கியம். எதிர்த்த அடுக்கு வீடுதான் அதுக்குக் குடுத்த வீடு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. அது என்னை ஏற எறங்கப் பாத்துச்சு. அப்புறம், 'வாங்க செகரட்டரி ஐயா, நீங்களும் வந்துட்டீங்களா'ன்னுச்சு. அவ்வளவுதான். நாலு இட்லி வெச்சு, எனக்குப் பிடிக்கும்னு காரச் சட்னி ஒரு கரண்டி கூட ஊத்துச்சு. இப்பவும் செகரட்டரி ஐயான்னுதான் கூப்பிடும். அங்க என்னை அப்படிக் கூப்பிடறது அது ஒண்ணுதான். அந்த மரியாதை பாருங்க.

வேற யாருக்கும் அங்க என்னைத் தெரியாது தம்பி. எந்திரிச்சு நிக்க வேணாம், யாருன்னு ஒருத்தன் கேட்டாப் போதும். கேக்க மாட்டேங்கறான். காலைல எந்திரிச்சா எங்க போறது, யார்கிட்ட பேசறதுன்னு தெரியல. மொட்டை மாடிக்குப் போறேன், எறங்கறேன், மறுபடி ஏறறேன். விமலா, 'ஒரு எடத்துல உக்காருங்க, எனக்குத் தலை சுத்துது'ங்கறா.

அவளுக்கு என்ன, அவ உக்காந்துட்டா. சாயங்காலமானா தனபாக்கியம் கடைக்குப் போயிடறா. நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ரெண்டு ஒடைஞ்ச ஸ்டூல். அதுல கம்பெனி விட்டு வர்ற பொண்ணுங்க, பஸ்ஸுக்கு நிக்கறவங்க, யார் யாரோ. நாளைக்குச் சாம்பாருக்கு இவ வெங்காயம் உரிச்சுக் குடுக்கறா. ப்ரூப் ரீடர் சம்சாரம் ரோட்டோரத்துல உக்காந்து வெங்காயம் உரிக்கிறா. சிரிப்பு வேற. பின்கட்டுல இருந்த இருபத்தேழு வருஷத்துல அவ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லை. அந்த இடம் அப்படிப்பட்ட இடம், கட்டுப்பாடே இல்லாம இருக்குது.

சரி, நம்ம ஊருக்குப் போய் நம்ம பார்க்குல கொஞ்சம் உக்காந்துட்டு வரலாம்னு ஒரு நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல பஸ்ஸுல வந்தேன். கேட்டுல சுசாந்து கையைக் குறுக்க நீட்டறான். 'கார்டு, அங்கிள்.' எனக்கேதுடா கார்டுன்னேன். பச்சை அட்டை குடுத்திருக்காங்களாம், அங்க குடியிருக்கறவங்களுக்கு மட்டும். அட்டை இல்லைன்னா என்னான்னேன். அவன் என் மூஞ்சியைப் பாத்துச் சொல்றான், 'வெளியால்.'

சிரிச்சுட்டேன் முதல்ல. டேய், அது நான் சொல்லிக் குடுத்த வார்த்தைடான்னேன். 'ஆமா அங்கிள், நீங்க சொன்னது'ங்கறான். அவன் மேல எனக்குக் கோவம் இல்லை. பாஷை தெரியாதவன். வெளியாள்னா யாரு? தெருவைப் பத்தி ஒண்ணும் தெரியாதவன். எந்தத் தூணு எப்ப நட்டாங்க, எந்தச் செடிக்கு யார் தண்ணி ஊத்தினாங்கன்னு தெரியாதவன். நானா வெளியாள்? ஆனா அன்னிக்கு வாசல்ல நின்னப்ப, உள்ள என் பெஞ்சுல யாரோ ரெண்டு பேர் நாய்க்குட்டியோட உக்காந்திருந்தாங்க. அவங்க என்னைப் பாத்த பார்வை இருக்குது பாருங்க. அவமானமா இருந்துச்சு தம்பி. ரோட்டுல நின்னு போர்டைப் படிக்கிற மாதிரி நடிச்சேன்.

அதுக்குத்தான் இந்த மனு. நூத்துப் பன்னெண்டாவது. படிச்சுப் பாருங்க, ஒரே ஒரு திருத்தம்தான். போர்டுல 'வெளியாட்களுக்கு'ங்கறதுக்கு முன்னால, அடைப்புக்குள்ள, 'முன்னாள் குடியிருப்போர் நீங்கலாக'. அவ்வளவுதான், நாலு அங்குல இடம் போதும். ஆனா அஞ்சு மணிக்குக் கூட்டத்துல நேர்ல குடுக்கணும். கூட்டம் பார்க்குக்குள்ள. அதோட இப்ப குடியிருக்கறவங்க ஒருத்தர் கையெழுத்து வேணும். என் கூட இருந்தவங்க பாதிப் பேரு காலி பண்ணிட்டாங்க. மீதிப் பேரு போன் எடுக்க மாட்டேங்கறாங்க.

ஒரு உண்மையைச் சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த பஸ்ஸுல எத்தனையோ சீட்டு காலியா இருந்துச்சு. உங்க பையில தொங்குதே அந்தப் பச்சை அட்டை, அதைப் பாத்துட்டுத்தான் வந்து உக்காந்தேன். நேத்தும் ஸ்டாப்புல பாத்தேன். முந்தா நாளும் பாத்தேன். கேக்க வாய் வரல.

பத்து நாளாச்சா வந்து? எந்த நம்பரு?

பதினாலா.

நல்ல வீடு. ம். நல்ல காத்து வரும். பின்பக்கம் ஒரு முருங்கை... இல்ல, அது இருக்காது. அங்கதான் கார் நிறுத்துவாங்க இப்ப. எந்திரிங்க, இதான் நம்ம ஸ்டாப்பு.

பாத்து எறங்குங்க. இங்கேர்ந்து நடக்கணும், ஏன்தான் இவ்வளவு தள்ளி ஸ்டாப்பை வெச்சாங்களோ, வயசானவங்களை யாரு நெனைக்கிறாங்க. நீங்க வேகமா நடக்கறீங்க, பரவாயில்ல, வந்துடறேன். இந்தத் தூண் ஒண்ணு, இடுக்குல நேரா நுழைய முடியாது, ஒரு பக்கமாத் திரும்பித்தான் போவணும். பையைப் பிடிங்க கொஞ்சம். இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்குது.

என்ன கேட்டீங்க? தனபாக்கியமா?

அது எப்படி முன்னாள் குடியிருப்போர் ஆகும்? அது குடியிருக்கலையே. வாசல்ல இருந்துச்சு. இருபத்தி ரெண்டு வருஷம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா அது இருந்தது நடைபாதை, நான் இருந்தது வீடு. வாடகை வீடுன்னாலும் வீடுதானே. அது வேற, இது வேற. நீங்க சின்னப் பிள்ளை மாதிரிக் கேக்கறீங்க. அதையும் சேத்து எழுதினா மனு நிக்காது தம்பி. எனக்கு அனுபவம் இருக்குது.

அது வேற மனு, அதை எடுக்காதீங்க. தவறிப் போய் மேல வந்துடுச்சு. அது அங்க புது இடத்துக்கு எழுதினது. நூத்துப் பதிமூணு. திருமழிசைல அந்த பஸ் ஸ்டாப்பு பக்கத்துல கொஞ்சம் பொறம்போக்கு இருக்குது, தனபாக்கியம் கடை போட்டிருக்கே, அதான். அங்க ஒரு சுத்துச் சுவர், நாலு பெஞ்சு, ஒரு கேட்டு வந்துச்சுன்னா எடமே வேற மாதிரி ஆயிடும். விமலா இதைப் பாத்துட்டா. தாளை எடுத்துட்டு வந்து என் முன்னாடி வெச்சா. 'இங்கயாவது என்னை உக்கார விடுங்க'ன்னா. அவ்வளவுதான் சொன்னா, உள்ள போயிட்டா. அதான் யோசிச்சுப் பாத்தேன். அவளுக்கும் உக்கார ஒரு நல்ல பெஞ்சு இல்லைன்னு வருத்தம் இருக்குது போல. பிளாஸ்டிக் நாற்காலி இடுப்பு வலிக்கும்ல. அதனால மனுவுல ஒரு வரி சேத்திருக்கேன், பெஞ்சுக்குச் சாய்மானம் வேணும்னு.

ஏன் நின்னுட்டீங்க? வாங்க, நேரமாவுது.

இதோ, போர்டு. பாத்தீங்களா, அஞ்சு வருஷமாச்சு, பெயிண்ட்டு போகல. சுசாந்து, நல்லா இருக்கியாப்பா? இவரு பதினாலாம் நம்பரு, கார்டு இருக்குது. நான் இவரு கூட வந்திருக்கேன். கூட்டத்துல ஒரு தாள் குடுத்துட்டு வந்துடுவேன், அஞ்சு நிமிஷம். என்னா? நோட்டுல எழுதணுமா? எழுதிக்க, ஆள் கூட்டிட்டு வந்தா எழுதணும்னு ரூலு இருக்குது, சரிதான். தம்பி, அட்டை வெச்சிருக்கறவங்கதான் எழுதணும். எழுதுங்க. இந்த நோட்டுல கோடு போட்டதே நான்தான். பேரு, வீட்டு எண், என்ன உறவு. மூணு கட்டம். ஸ்கேல் வெச்சுப் போட்டேன்.

அந்த மூணாவதுல என்ன எழுதறதுன்னு யோசிக்கிறீங்களா. சொந்தம்னு எழுத முடியாது. சிநேகிதர்னு போடலாம், ஆனா ஒரு பஸ்ஸுல வந்த பழக்கம்தான், நானா அதைச் சொல்லக் கூடாது. நீங்களா எதாவது போடுங்க. உள்ள நாற்காலி போட ஆரம்பிச்சுட்டாங்க. சீக்கிரம் தம்பி.

அவனையா கேக்கறீங்க? அவன் என்ன சொல்லுவான், அவனுக்குத் தெரிஞ்சது ஒரே வார்த்தை.

எழுதிட்டீங்களா.

இங்கேர்ந்து தலைகீழாத்தான் தெரியுது, ஆனா எனக்குப் படிக்க வரும். ஏகாம்பரம். சரி. பதினாலு. அதுவும் சரி, இருபத்தேழு வருஷம் எழுதின நம்பரு. அதுக்கு நேரா...

இல்ல இல்ல, உங்களைக் குத்தம் சொல்லல. அவன் சொன்னான், நீங்க எழுதினீங்க. கோவமெல்லாம் இல்லை. கொஞ்சம் மூச்சு வாங்குது, நடந்தது. அந்த நோட்டை இப்படித் திருப்புங்க. உங்க பேனா வேணாம், எங்கிட்ட சிவப்பு இருக்குது.

அவன் சொன்ன மாதிரியே 'வெளியால்'னு எழுதிட்டீங்க தம்பி. சின்ன ல போட்டுட்டீங்க. பெரிய ள வரணும். வெளி, ஆள். ஆள்னா மனுஷன். அந்த ஒரு எழுத்து மாறினா அங்க ஆளே இல்லாம போயிடுது. இருங்க. ம். இந்தாங்க, இப்ப சரியா இருக்குது.

நான் உள்ள வரலாமான்னு அவன்கிட்ட கேளுங்க.